பழைய உலாவியின் முன் உட்கார்ந்திருப்பவர்



இன்று நான் எடுத்துக்கொண்டிருப்பது ஒரே ஒரு கேள்வி. காலாவதியான உலாவிகளுக்கு இணையதளங்கள் தொடர்ந்து இடம் கொடுக்க வேண்டுமா? பிரவுசர் என்று நாம் எல்லோரும் சொல்கிற அந்த மென்பொருளின் பழைய பதிப்போடு ஒருவர் உங்கள் தளத்துக்கு வருகிறார். அவருக்குப் பக்கத்தைக் காட்டுவதா? 'புதுப்பித்துக்கொண்டு வாருங்கள்' என்று திருப்பி அனுப்புவதா?

இது கணினிக்காரர்கள் தங்களுக்குள் பேசித் தீர்த்துக்கொள்ள வேண்டிய விஷயம் என்று சிலருக்குத் தோன்றலாம். அப்படியானால் நான் கேட்கிறேன்: கல்லூரிச் சேர்க்கை விண்ணப்பம் இன்று எங்கே இருக்கிறது? தேர்வு முடிவு எங்கே வருகிறது? மின்கட்டணம் எங்கே கட்டுகிறோம்? பட்டாவை எங்கே பார்க்கிறோம்? எல்லாம் இணையத்தில். ஒரு பக்கம் திறக்கவில்லை என்றால் ஒரு பையனுக்கு ஓர் ஆண்டே போய்விடலாம். அதனால்தான் இந்தக் கேள்வியைப் பொது மேடைக்குக் கொண்டுவந்திருக்கிறேன்.

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பழைய உலாவிக்கு நாம் எந்தக் கடனும் படவில்லை. அதன் முன் உட்கார்ந்திருப்பவருக்குப் பட்டிருக்கிறோம். அவருக்கு வேறு வழி இருக்கிறதா, இல்லையா என்பதை வைத்துத்தான் அந்தக் கடனின் அளவைக் கணக்கிட வேண்டும். இதற்கு நான் தத்துவம் பேசப் போவதில்லை. நடந்த கதைகளைச் சொல்கிறேன்.

2001-ஆம் ஆண்டுக்குப் போவோம். அந்த ஆகஸ்டில் மைக்ரோசாப்ட் நிறுவனம் இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் 6-ஐ வெளியிட்டது. அக்டோபரில் விண்டோஸ் எக்ஸ்பி வந்தது. அதோடு சேர்ந்து இந்த உலாவியும் உலகம் முழுக்கப் போய்ச் சேர்ந்தது. போட்டிக்கு நின்ற நெட்ஸ்கேப் ஏற்கெனவே தளர்ந்திருந்தது. அடுத்த சில ஆண்டுகளில் இணையம் பார்த்த பத்துப் பேரில் ஒன்பது பேருக்கு மேல் மைக்ரோசாப்டின் உலாவியில்தான் பார்த்தார்கள். எதிரி இல்லாமல் போன பிறகு என்ன நடந்தது? வேலை நின்றது. அடுத்த பதிப்பு வெளிவர 2006 அக்டோபர் ஆயிற்று. ஐந்து ஆண்டுகள்! இணையம் குழந்தைப் பருவத்திலிருந்து வாலிபத்துக்கு வந்த ஐந்து ஆண்டுகள். அத்தனை காலமும் உலகின் பெரும்பகுதி ஒரே பழைய கண்ணாடி வழியாக அதைப் பார்த்துக்கொண்டிருந்தது.

அந்தக் காலத்தில் தளம் கட்டியவர்கள் இங்கே இருந்தால் அவர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. பின்னணி தெரியும்படி வரைந்த பிஎன்ஜி படம் அந்த உலாவியில் சாம்பல் நிறக் கட்டமாக வந்து நிற்கும். ஓரத்தில் 10 புள்ளி இடைவெளி விடு என்று எழுதினால், சில இடங்களில் அது 20 புள்ளி விடும். நெருப்புநரி என்று நாம் அன்போடு அழைத்த ஃபயர்ஃபாக்ஸின் 1.0 பதிப்பு 2004 நவம்பரில் வந்தபோது, ஒரே பக்கத்தை இரண்டு முறை எழுத வேண்டிய நிலை வந்தது: ஒன்று நெறிமுறைப்படி, இன்னொன்று எக்ஸ்ப்ளோரருக்காக. உழைப்பில் பெரும் பங்கு புதிதாக ஒன்றைச் செய்வதில் போகவில்லை. பழைய பிழைகளுக்கு முட்டுக்கொடுப்பதில் போனது. இன்றும் பழைய உலாவி என்ற பேச்சை எடுத்தாலே ஒரு தலைமுறை நிரலாளர்கள் முகம் சுளிப்பது அதனால்தான். அவர்களுடைய கோபம் நியாயமான கோபம். அதை நான் குறைத்துப் பேச மாட்டேன்.

ஆனால் மக்கள் ஏன் அந்த உலாவியை விடவில்லை? சோம்பலா? அறியாமையா? அப்படித்தான் பலர் எழுதினார்கள். உண்மை வேறு. அலுவலகங்களில் கணக்கு, சம்பளம், கோப்பு என்று எல்லாவற்றுக்கும் மென்பொருள்கள் எழுதப்பட்டிருந்தன. அவை எக்ஸ்ப்ளோரர் 6-இல் மட்டும் ஓடும்படி, ஆக்டிவ்எக்ஸ் என்ற மைக்ரோசாப்டின் சொந்தத் தொழில்நுட்பத்தில் எழுதப்பட்டிருந்தன. உலாவியை மாற்றினால் சம்பளப் பட்டியல் திறக்காது. மேசையில் உட்கார்ந்திருந்த எழுத்தருக்கு அந்தக் கணினியில் எதையும் நிறுவும் அதிகாரமே கிடையாது. 2010-இல் பிரிட்டனில் குடிமக்கள் மனுப் போட்டு, அரசு அலுவலகங்கள் இந்தப் பழைய உலாவியைக் கைவிட வேண்டும் என்று கேட்டார்கள். மாற்றுவதற்கான செலவும் சோதனை வேலையும் பெரிது என்று சொல்லி அரசு மறுத்துவிட்டது. ஓர் அரசாங்கத்துக்கே அந்த நிலை என்றால், அதன் எழுத்தர் என்ன செய்வார்?

இத்தனைக்கும் அது ஆபத்து தெரிந்துபோன ஆண்டு. 2010 ஜனவரியில்தான் கூகுளும் வேறு பல நிறுவனங்களும் தாக்கப்பட்ட செய்தி வெளியே வந்தது. தாக்கியவர்கள் புகுந்த வழிகளில் ஒன்று எக்ஸ்ப்ளோரரில் இருந்த ஓட்டை. ஜெர்மனி, பிரான்ஸ் நாடுகளின் பாதுகாப்பு அமைப்புகள், திருத்தம் வரும்வரை வேறு உலாவியைப் பயன்படுத்துங்கள் என்று மக்களுக்கு அறிவுறுத்தின. அந்த ஆண்டு மார்ச்சில் கூகுள் தன் ஆவணச் சேவையிலும் யூடியூபிலும் எக்ஸ்ப்ளோரர் 6-க்கான ஆதரவை நிறுத்தியது.

யூடியூப் கதையைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும். அங்கே பொறியாளராக இருந்த கிறிஸ் சகரியாஸ் 2019-இல் அதை எழுதினார். 2009-இல் யூடியூபுக்கு வந்தவர்களில் சுமார் 18 விழுக்காட்டினர் எக்ஸ்ப்ளோரர் 6-இல்தான் வந்தார்களாம். அவரும் சில சக பொறியாளர்களும் சேர்ந்து, மேலிடத்தில் அனுமதி கேட்காமலே, அந்த உலாவியில் வருபவர்களுக்கு மட்டும் மேலே ஓர் அறிவிப்புப் பட்டையைப் போட்டார்கள். உங்கள் உலாவிக்கான ஆதரவு விரைவில் நிறுத்தப்படும், இவற்றில் ஒன்றுக்கு மாறுங்கள் என்று சொன்ன பட்டை. ஒரே மாதத்தில் யூடியூபில் அந்த உலாவியின் பயன்பாடு பாதியாகக் குறைந்தது என்கிறார் அவர். அந்தப் பட்டையில் ஒரு நேர்மை இருந்தது: மாற்று உலாவிகளின் வரிசை ஆளுக்கு ஆள் மாறி வரும்படி வைத்திருந்தார்கள். தங்கள் கூகுள் நிறுவனத்தின் குரோமை மட்டும் முதலில் காட்டவில்லை.

இந்தக் கதையைச் சொல்லிவிட்டுப் பலர், 'பார்த்தீர்களா, கண்டிப்பாக இருந்தால் மக்கள் மாறுவார்கள்' என்று முடிவு கட்டுகிறார்கள். நான் இதில் வேறொன்றைப் பார்க்கிறேன். பாதிப் பேர் மாறினார்கள். மாற முடிந்தவர்கள் மாறினார்கள். மீதிப் பாதி? அவர்களுக்கும் அதே அறிவிப்புத்தானே தெரிந்தது? அவர்களுக்கும் படிக்கத் தெரியும்தானே? மாறவில்லை என்றால், மாற முடியாத இடத்தில் இருந்தார்கள் என்றே நான் நினைக்கிறேன். யூடியூப் பொழுதுபோக்குத் தளம். பாட்டுக் கேட்கவில்லை என்றால் யாருக்கும் பெரிய நட்டமில்லை. அந்த முறையை அப்படியே எடுத்து ஓய்வூதியத் தளத்தில் வைக்க முடியுமா?

2011 மார்ச்சில் மைக்ரோசாப்டே முன்வந்து, தன் குழந்தையை ஓய்வுக்கு அனுப்ப ஒரு பிரசாரத்தைத் தொடங்கியது. அப்போது உலகில் சுமார் 12 விழுக்காட்டினர் இன்னும் அதில் இருந்தார்கள். சீனாவில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல். தென் கொரியாவில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு. கொரியாவா? உலகிலேயே வேகமான இணையம் கொண்ட நாடு என்று பேர்பெற்ற கொரியாவா? ஆம், அதே கொரியாதான். அந்தக் கதைக்கு வருகிறேன், ஏனென்றால் இந்தத் தலைப்பில் நாம் கற்றுக்கொள்ள வேண்டிய பாடம் அங்கேதான் நிறைய இருக்கிறது.

1990-களில் வலுவான மறையாக்கத் தொழில்நுட்பத்தை அமெரிக்கா வெளிநாடுகளுக்கு விற்க விடவில்லை. வெளியே போன உலாவிகளில் வலுக்குறைந்த பூட்டுத்தான் இருந்தது. இணைய வணிகத்தைத் தொடங்க நினைத்த கொரியா என்ன செய்தது? தன் சொந்தப் பூட்டைத் தானே செய்தது. 1998-இல் உருவான அந்த மறையாக்க முறைக்கு சீட் என்று பெயர். பாராட்ட வேண்டிய முயற்சி. ஆனால் உலாவிகளுக்கு அந்த முறை தெரியாது; ஆகவே துணைநிரலாகச் சேர்க்க வேண்டியிருந்தது. நெட்ஸ்கேப் வீழ்ந்த பிறகு எஞ்சியது எக்ஸ்ப்ளோரரின் ஆக்டிவ்எக்ஸ் மட்டுமே. 1999-இல் மின்னணுக் கையொப்பச் சட்டம் வந்தது. வங்கிப் பரிமாற்றத்துக்கும் இணையக் கொள்முதலுக்கும் அங்கீகரிக்கப்பட்ட சான்றிதழ் வேண்டும் என்ற விதிகள் வந்தன. அந்தச் சான்றிதழை இயக்க ஆக்டிவ்எக்ஸ் வேண்டும். ஆக்டிவ்எக்ஸுக்கு எக்ஸ்ப்ளோரர் வேண்டும்.

2000-ஆம் ஆண்டிலேயே அமெரிக்கா தன் ஏற்றுமதித் தடையைத் தளர்த்திவிட்டது. காரணம் போய்விட்டது. கட்டு போகவில்லை! மேக் கணினி வைத்திருந்தவர் வங்கிக்குள் நுழைய முடியவில்லை. லினக்ஸ்காரர் ரயில் டிக்கெட் எடுக்கத் திண்டாடினார். 2014-இல் ஒரு கொரியத் தொலைக்காட்சித் தொடர் சீனாவில் பெரும் வெற்றி பெற்றது. அதில் கதாநாயகி அணிந்து வந்த மேல்கோட்டை வாங்கச் சீன ரசிகைகள் கொரிய விற்பனைத் தளங்களுக்குப் படையெடுத்தார்கள். வாங்க முடியவில்லை, சான்றிதழ் இல்லை. பணத்தைக் கையில் வைத்துக்கொண்டு நின்றவர்களை நாட்டின் விதியே திருப்பி அனுப்பியது. அந்த மார்ச்சில் அதிபர் பார்க் கியுன்-ஹே ஒரு சீர்திருத்தக் கூட்டத்தில் இதைக் குறிப்பிட்டுப் பேசினார். அப்படியும் அந்தச் சான்றிதழின் தனிச் சலுகை சட்டப்படி நீங்க 2020 டிசம்பர் ஆயிற்று.

இதிலிருந்து என்ன தெரிகிறது? பழைய உலாவியை ஆதரிப்பது எப்போதும் கருணை என்று நினைத்துவிடாதீர்கள். ஒரே ஒரு உலாவியை மட்டும் ஆதரிப்பது, அது பழையதாக இருந்தாலும் புதியதாக இருந்தாலும், மற்ற எல்லோரையும் வெளியே நிறுத்துவதுதான். நம் நாட்டு அரசுத் தளங்கள் பலவற்றின் அடியில், எக்ஸ்ப்ளோரரில் இன்ன அளவுத் திரையில் பார்க்கவும் என்று ஒரு வரி எழுதியிருந்ததை நீங்கள் பார்த்திருப்பீர்கள். இன்று அதே வரி குரோமின் பெயரோடு வருகிறது. பெயர் மாறியிருக்கிறது, மனப்பான்மை மாறவில்லை.

சரி, அப்படியானால் எல்லா உலாவிகளையும் எல்லாக் காலமும் ஆதரித்துக்கொண்டே போவதா? முடியாது. ஏன் முடியாது என்பதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும்.

2014 அக்டோபரில் கூகுளின் ஆய்வாளர்கள் பூடில் என்று பெயரிட்ட ஒரு தாக்குதலை வெளியிட்டார்கள். எஸ்எஸ்எல் 3.0 என்பது உலாவியும் சர்வரும் ரகசியமாகப் பேசிக்கொள்ளும் ஒரு பழைய முறை, 1996-இல் வந்தது. அதைவிட நல்ல முறைகள் பின்னால் வந்துவிட்டன. ஆனால் பழைய உலாவிகளுக்காக எல்லோரும் அதையும் விட்டுவைத்திருந்தார்கள். தாக்குபவர் என்ன செய்வார்? புதிய உலாவிக்கும் சர்வருக்கும் நடுவில் புகுந்து, நல்ல முறையில் பேச முயலும்போதெல்லாம் இணைப்பைக் கெடுப்பார். இரண்டு பக்கமும், 'சரி, பழைய முறையிலேயே பேசுவோம்' என்று இறங்கிவரும். அந்த இடத்தில் பிடித்துவிடுவார்.

கவனியுங்கள். இங்கே பாதிக்கப்படுபவர் பழைய உலாவிக்காரர் மட்டுமல்ல. புத்தம்புதிய உலாவி வைத்திருப்பவரும் மாட்டிக்கொள்கிறார். ஒருவருக்காக விட்டுவைத்த ஓட்டை எல்லோருக்கும் ஓட்டையாகிறது. இந்த இடத்தில் நான் தயங்க மாட்டேன். மூடத்தான் வேண்டும். உலகமும் மூடியது. எக்ஸ்பியில் இருந்த எக்ஸ்ப்ளோரர் 6 பல தளங்களில் அன்றோடு நின்றுபோனது.

ஆனால் மூடிய விதத்தில் ஒரு குறை இருந்தது. அந்தப் பழைய எக்ஸ்ப்ளோரருக்குள்ளேயே டிஎல்எஸ் 1.0 என்ற அடுத்த முறை இருந்தது! தொடக்கத்தில் அது அணைத்து வைக்கப்பட்டிருந்தது, அவ்வளவுதான். அமைப்புகளுக்குள் போய் ஒரு கட்டத்தில் டிக் அடித்தால் போதும். இதை எத்தனை பேருக்குச் சொன்னார்கள்? ரகசியப் பேச்சு தொடங்கும் கட்டத்திலேயே இணைப்பு முறிந்துவிடுவதால், தளத்தால் ஒரு வரிகூடக் காட்ட முடியாது. 'பக்கத்தைக் காட்ட இயலவில்லை' என்று உலாவிதான் சொல்லும். வந்தவர் தன் இணைப்பில் கோளாறு என்று நினைப்பார். தளம் செத்துவிட்டது என்று நினைப்பார். ஆகவே மூடிய பிறகு சொல்ல வழியே இல்லை. மூடுவதற்கு முன்பே சொன்னால்தான் உண்டு.

முன்பே சொன்னவர்களும் இருக்கிறார்கள். லெட்ஸ் என்கிரிப்ட் என்ற லாபநோக்கற்ற அமைப்பு இணையதளங்களுக்குப் பாதுகாப்புச் சான்றிதழ்களை இலவசமாகத் தருகிறது. அதன் சான்றிதழ்களைப் பழைய கருவிகள் ஏற்றுக்கொண்டது, அவை முன்பே நம்பிய வேறொரு பழைய மூலச் சான்றிதழின் துணையால். அந்தப் பழையது 2021 செப்டம்பர் 30-இல் காலாவதியாக இருந்தது. ஆண்ட்ராய்டு 7.1.1-க்கு முந்தைய கைபேசிகளுக்குப் புதிய மூலச் சான்றிதழ் தெரியாது. அப்படிப்பட்ட கைபேசிகள் எத்தனை? 2020 நவம்பரில் அந்த அமைப்பே சொன்ன கணக்கு: ஆண்ட்ராய்டு கருவிகளில் 33.8 விழுக்காடு. மூன்றில் ஒன்று!

'பழைய போனை மாற்றுங்கள்' என்று சொல்லிவிட்டு அவர்கள் கையைக் கழுவியிருக்கலாம். செய்யவில்லை. ஏறத்தாழ ஓராண்டு முன்னதாகவே அறிவித்தார்கள். தன் சொந்தச் சான்றிதழ்ப் பட்டியலைக் கையோடு கொண்டுவரும் ஃபயர்ஃபாக்ஸை நிறுவினால் அதே பழைய கைபேசியிலேயே தளங்கள் திறக்கும் என்று வழி சொன்னார்கள். அடுத்த மாதமே இன்னொரு வழியைக் கண்டுபிடித்தார்கள். மூலச் சான்றிதழின் காலாவதித் தேதியைப் பழைய ஆண்ட்ராய்டு பார்ப்பதில்லை என்ற நுணுக்கத்தைப் பயன்படுத்தி, பழைய மூலத்திடமிருந்தே மேலும் மூன்று ஆண்டுகளுக்குச் செல்லும் ஒரு கையொப்பத்தை வாங்கினார்கள். கோடிக்கணக்கான ஏழை எளியவர்களின் கைபேசிகளுக்கு மூன்று ஆண்டு அவகாசம் கிடைத்தது. பாதுகாப்பைக் குலைக்காமல் கருணை காட்ட முடியும் என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியாது. என்ன வேண்டியிருந்தது? யார் வெளியே நிற்கப் போகிறார்கள் என்று முன்கூட்டியே எண்ணிப் பார்க்கும் அக்கறை.

நண்பர்களே, வெளியே நிற்பது எப்படி இருக்கும் என்று தமிழில் இணையம் படித்த நமக்குத் தெரியாதா? 1990-களின் பிற்பகுதியில் ஒவ்வொரு தமிழ்த் தளத்துக்கும் ஓர் எழுத்துரு. தஸ்கி என்ற எழுத்துக் குறியேற்றம் ஒரு பக்கம், 1999-இல் சென்னை மாநாட்டுக்குப் பின் வந்த தாப், தாம் இன்னொரு பக்கம், பத்திரிகைகளின் சொந்த எழுத்துருக்கள் வேறு. யூனிகோடு பரவத் தொடங்கியபோது பிரவுசிங் சென்டர்களில் விண்டோஸ் 98 கணினிகள்தான் இருந்தன. தமிழ் கட்டங் கட்டமாகத் தெரிந்தது. அதன் பின் ஆண்ட்ராய்டு வந்தது. அதன் தொடக்கப் பதிப்புகளிலும் அதே கட்டங்கள். அப்போது நமக்குக் கைகொடுத்தது எது? ஓபரா மினி. அதன் உள்ளமைப்பில் ஒரு வரியை மாற்றினால், சிக்கலான எழுத்துகளைச் சர்வரிலேயே படமாக்கி அனுப்பும். ஒருவர் கண்டுபிடித்து ஊரெல்லாம் சொன்ன வித்தை அது. மலிவான கைபேசியில் முதன்முதலாகத் தமிழ்ச் செய்தி படித்தவர்கள் எத்தனையோ பேர் அந்த வரியை மாற்றித்தான் படித்தார்கள்.

அந்தக் காலத்தில் இந்தப் பிரச்சினையைச் சரியாகக் கையாண்டவர்களும் நம்மிடையே இருந்தார்கள். 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம், தமிழ் நூல்களை இலவச மின்பதிப்பாக்கும் தன்னார்வத் திட்டம், ஒரே நூலைத் தஸ்கியிலும் தந்தது, யூனிகோடிலும் தந்தது, பிடிஎஃப் கோப்பாகவும் தந்தது. யாரிடம் எந்தக் கணினி இருந்தாலும் நூல் போய்ச் சேர வேண்டும் என்று நினைத்தார்கள். அலங்காரம் இல்லை. நூல் போய்ச் சேர்ந்தது.

நான் சொல்ல வருவதும் அதுதான். அலங்காரம் எல்லோருக்கும் ஒரேமாதிரி போய்ச் சேர வேண்டியதில்லை. விஷயம் போய்ச் சேர வேண்டும். இதற்கு இணையத்தின் அடிப்படை அமைப்பிலேயே இடம் வைத்திருக்கிறார்கள். டிம் பெர்னர்ஸ்-லீ வகுத்த எச்டிஎம்எல் என்ற குறிமொழியில், தனக்குத் தெரியாத குறி ஒன்று வந்தால் உலாவி அதைத் தாண்டிப் போய், உள்ளே இருக்கும் எழுத்தைக் காட்டிவிடும். அழகூட்டும் சிஎஸ்எஸ்ஸிலும் அப்படித்தான்: புரியாத கட்டளையை விட்டுவிட்டு அடுத்ததற்குப் போகும். பக்கத்தை இயக்கும் ஜாவாஸ்கிரிப்ட் நிரல்மொழி அப்படி அல்ல. புரியாத இலக்கணம் ஒரே ஓரிடத்தில் வந்தாலும் அந்தக் கோப்பு முழுவதையுமே அது நிராகரித்துவிடும். 2015-இல் மொழியில் சேர்ந்த ஒரு சின்ன அம்புக்குறியை 2013-இல் வந்த எக்ஸ்ப்ளோரர் 11 பார்த்தால் போதும், மொத்தமும் நின்றுவிடும். பக்கம் முழுவதையும் ஜாவாஸ்கிரிப்டே வரையும்படி கட்டியிருந்தால்? வந்தவர் வெள்ளைத் திரையைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

இதைத் தவிர்க்கும் வழியை 2003-இலேயே ஸ்டீவன் சாம்பியன் போன்றோர் பேசத் தொடங்கிவிட்டார்கள். முதலில் விஷயத்தை வெறும் எச்டிஎம்எல்லில் முழுமையாக வை. படிவம் அதிலேயே போய்ச் சேரட்டும். அதன்மேல் அழகை ஏற்று. அதற்கும் மேல் வேகத்தையும் வசதியையும் ஏற்று. நம் ஊர்க் குளத்துப் படிக்கட்டை நினைத்துக்கொள்ளுங்கள். ஐப்பசியில் மேல்படியிலேயே தண்ணீர் கிடைக்கும், பங்குனியில் கீழ்ப்படிவரை இறங்க வேண்டும். எந்த மாதம் வந்தாலும் தண்ணீரைத் தொடப் படி இருக்கும். கீழ்ப்படிகளைக் கட்டாமல் மேல்படியை மட்டும் பளிங்கில் இழைப்பதைத்தான் இன்று பல தளங்கள் செய்கின்றன.

2012-இல் பிபிசி செய்தித் தளத்தின் நிரலாளர்கள் இதையே நடைமுறையில் காட்டினார்கள். வரும் உலாவியின் பெயரை அவர்கள் கேட்கவில்லை. அதற்கு மூன்று திறன்கள் இருக்கின்றனவா என்று சோதித்தார்கள். இருந்தால் முழு வசதியும் ஏறும். இல்லாவிட்டால் எளிய பக்கம் அப்படியே நிற்கும். செய்தி அதில் இருக்கும். பழைய உலாவியில் வந்தவருக்குச் செய்தி கிடைத்தது, நிரலாளருக்கும் பழைய பிழைகளோடு மல்லுக்கட்டும் வேலை மிச்சமாயிற்று.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். பழைய உலாவிகளை ஆதரிக்கிறோம் என்று பல நிறுவனங்கள் செய்வது என்ன? புதிய வசதிகளை எல்லாம் பழைய உலாவியிலும் போலியாக நடிக்க வைக்கும் துணைநிரல்களைக் கூடை கூடையாக ஏற்றுகிறார்கள். அதன் பலன்? மெதுவான கைபேசியும் மெல்லிய இணைப்பும் கொண்டவருக்கு எல்லோரையும்விடக் கனமான பக்கம் போகிறது! அவருக்குக் கூடுதலாகக் கொடுக்காதீர்கள். குறைவாகக் கொடுங்கள். எழுத்து, படிவம், ஒரு பொத்தான். அது போதும். ஆதரவு என்றால் செலவு என்று பயப்படுபவர்களுக்கும் இதுதான் என் பதில்.

பிரிட்டனின் அரசுத் தளத்தை நடத்தும் குழு 2013-இல் ஒரு கணக்கு எடுத்தது. வந்தவர்களில் 1.1 விழுக்காட்டினருக்கு ஜாவாஸ்கிரிப்ட் வசதிகள் கிடைக்கவில்லை. அதாவது 93 பேரில் ஒருவருக்கு. அதை வேண்டுமென்றே அணைத்துவைத்தவர்களோ பழைய உலாவியால் பெற முடியாதவர்களோ அதில் வெறும் 0.2 விழுக்காடுதான். மீதி 0.9 விழுக்காட்டினரிடம் அதை இயக்கக்கூடிய உலாவியே இருந்தது. இணைப்பு அறுந்தது, அலுவலகத் தடுப்பு மறித்தது, ஏதோ ஒரு காரணத்தால் அது போய்ச் சேரவில்லை. ஆகவே கீழ்ப்படியைக் கட்டுவது பழைய உலாவிக்காரருக்கு மட்டும் செய்யும் தர்மம் என்று நினைக்க வேண்டாம். ரயிலில் சுரங்கப்பாதைக்குள் நுழையும்போது, புதிய கைபேசி வைத்திருக்கும் உங்களுக்கும் அதே படிதான் உதவும்.

அந்த அரசுப் பணியில் இருந்த டெரன்ஸ் ஈடன் எழுதிய ஒரு நிகழ்ச்சியை என்னால் மறக்க முடியவில்லை. வீட்டுவசதி உதவி வழங்கும் அலுவலகம் ஒன்றில் ஓர் இளம்பெண் பிஎஸ்பி கருவியின்மேல் குனிந்து உட்கார்ந்திருக்கிறாள். பிஎஸ்பி என்பது சோனி நிறுவனம் 2004-இல் கொண்டுவந்த கையடக்க விளையாட்டுக் கருவி. பார்ப்பவருக்கு விளையாடுகிறாள் என்றுதான் தோன்றும். அவள் படித்துக்கொண்டிருந்தது வீட்டுவசதி உதவி பற்றிய அரசின் பக்கம்! அந்தக் கருவிக்குள் இருக்கும் உலாவியைச் சோதித்துப் பார்க்க எந்த நிரலாளருக்கும் தோன்றியிருக்காது. எளிய எச்டிஎம்எல்லில் கட்டியிருந்ததால் பக்கம் திறந்தது. வீடு தேடி வந்த பெண்ணிடம், 'உங்கள் உலாவி பழையது' என்று அந்த அரசு சொல்லவில்லை.

'புதுப்பித்துக்கொள்ளுங்கள்' என்று சொல்வது எளிது. ஆனால் அது எப்போதும் இலவசமா? ஐபோன் 6 வைத்திருப்பவரின் இயங்குதளம் 12-ஆம் பதிப்போடு நின்றுவிட்டது. அதில் உலாவி இயங்குதளத்தோடு கட்டுண்டது. புதிய உலாவி வேண்டுமென்றால் புதிய கைபேசியே வாங்க வேண்டும். தமிழ்நாட்டில் 2011 முதல் மாணவர்களுக்கு அரசு மடிக்கணினி கொடுத்தது. விண்டோஸ் 7 கோலோச்சிய காலம் அது. அந்த இயங்குதளத்துக்கான ஆதரவை மைக்ரோசாப்ட் 2020 ஜனவரியில் நிறுத்தியது. 2023 பிப்ரவரியில் வந்த குரோம் 110 அதில் ஓடாது. அந்தக் காலத்துக் கணினியை இன்னும் துடைத்துத் துடைத்து வைத்திருக்கும் வீடுகளில், அக்கா படித்த கணினியில் தம்பி படிக்கிறான். அவனிடம் போய் 'அப்டேட் செய்' என்றால், 'புதிதாக வாங்கு' என்றுதான் அர்த்தம்.

ஆகவே நான் கேட்பது இதுதான். திரைப்படம் காட்டும் தளம், விளையாட்டுத் தளம், வடிவமைப்புக் கருவி இவையெல்லாம் பழைய உலாவியை விடட்டும், முன்னறிவிப்போடு விடட்டும். மக்கள் வேறு இடம் போவார்கள். வேறு இடம் இல்லாத தளங்கள் வேறு சாதி. ரேஷன் அட்டைக்கு இரண்டாவது கடை இல்லை. தேர்வாணையத்துக்கு மாற்று இல்லை. பயிர்க் காப்பீட்டுக்கான கடைசித் தேதி யாருக்காகவும் காத்திருக்காது. இப்படிப்பட்ட தளத்தின் படிவம், பாதுகாப்பான இணைப்பை ஏற்படுத்தத் தெரிந்த எந்த உலாவியிலும், ஜாவாஸ்கிரிப்ட் இல்லாமலும், நிரப்பி அனுப்பும்படி இருக்க வேண்டும்.

இந்திய அரசு இணையதளங்களுக்கான வழிகாட்டி நெறிகள் 2009-இலேயே வெளிவந்துவிட்டன. பல உலாவிகளில் தளம் இயங்க வேண்டும் என்று அவை அன்றே கூறின. நெறி இருக்கிறது. அதை ஒப்பந்தத்துக்குள் கொண்டுவர வேண்டும். இந்த அவையில் தளம் செய்து வாங்கும் அதிகாரிகள் இருந்தால் அவர்களிடம் சொல்கிறேன்: அடுத்த டெண்டரில் ஒரு வரி சேருங்கள். 'ஜாவாஸ்கிரிப்டை அணைத்துவிட்டு, பத்தாண்டுப் பழைய கைபேசியில், விண்ணப்பத்தைத் தொடக்கம் முதல் ரசீது வரை நிரப்பிக் காட்ட வேண்டும். காட்டிய பிறகே இறுதித் தவணை.' தளம் கட்டும் தோழர்களிடம் சொல்கிறேன்: அந்தச் சோதனையை உங்கள் மேசையில் செய்யாதீர்கள், ஒரு இ-சேவை மையத்தில் போய்ச் செய்யுங்கள். பழைய பாதுகாப்பு முறை ஒன்றை மூடும் நாள் வந்தால், ஆறு மாதம் முன்னதாகவே, அந்த முறையில் வந்து இணைபவர்களுக்கு மட்டும், பக்கத்தின் தலையில், தமிழில், தேதியைப் போடுங்கள். அந்தத் தேதிக்குப் பிறகு எந்த அலுவலகத்தில், எந்த முகவரியில், எந்த நேரத்தில் நேரில் வந்து விண்ணப்பிக்கலாம் என்பதையும் அதே இடத்தில் எழுதுங்கள்.